வீடு வேற, கை வேற

பஸ்ஸில் ஓர் இடம்தான் காலியாக இருந்தது. அதுவும் ஜெயசீலிக்குப் பக்கத்தில். அஞ்சுகம் அதைப் பார்த்தாள். பார்க்காதவள் மாதிரி முன்பக்கம் திரும்பி, இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எழும்பூர் வெயில் இன்னும் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. நின்றுகொண்டே போனால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது, எத்தனையோ நாள் அரிசிமாவு மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இதே பஸ்ஸில் நின்று வந்திருக்கிறாள், ஆனால் அதெல்லாம் வலது கை கையாக இருந்த காலம். இப்போது அது தோளிலிருந்து ஈரத்துணி மாதிரி தொங்குகிறது, தனக்கென்று ஒரு வலியை மட்டும் வைத்துக்கொண்டு. கண்டக்டர் வந்து இலவச டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். அவளால் கம்பியை விடவும் முடியவில்லை, டிக்கெட்டை வாங்கவும் முடியவில்லை. இடம் இருக்குதே, உட்காரக் கூடாதா என்றார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஜெயசீலி உடனே கையை நீட்டி, ரெண்டு பேருக்குமாக டிக்கெட்டை வாங்கிக்கொண்டாள். எப்போதும் வாங்குகிற மாதிரியே. ஒன்றும் நடக்காத மாதிரியே. அரைமணி நேரத்துக்கு முன்னால் அந்த அறையில், மின்விசிறிக்குக் கீழே, நடுவருக்கு முன்னால் நின்று, அப்படி எதுவும் நான் சொல்லலைங்க என்று சொன்ன அதே வாயை இப்போது முந்தானையால் துடைத்துக்கொண்டு, அந்த அம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

சொல்லலையா. அஞ்சுகத்தின் மனசு அந்த ஒரு வார்த்தையில் போய் இடித்துக்கொண்டு நின்றது, முள்வேலியில் மாட்டின புடவை மாதிரி, இழுத்தால் கிழியும், விட்டால் நகர முடியாது. வீடு வேற, கை வேற. எவ்வளவு சின்னச் சொல். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், ஒரு மூச்சு. கை அடிபட்ட பிறகு ஒருநாள், வீடு ஒதுக்குகிற வாரியத்து ஆபீசில் ஏசி போட்ட ஓர் அறையில் அவளை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். கட்டுப் போட்ட கை மடியில் கிடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் ரெண்டு அதிகாரிகள். சமாதானமாய்ப் போய்விடலாம் அம்மா, அதே பிளாக்கில் கீழ்த்தளத்தில் பழுது பார்த்த வீடு தருகிறோம், சாமான் சேதத்துக்கு ஒரு தொகை தருகிறோம், இதில் கையெழுத்துப் போடு என்றார்கள். அவள் எட்டாவது வரை படித்தவள். மா. அஞ்சுகம் என்று கொம்பும் சுழியும் பிசகாமல் கையெழுத்துப் போடுகிறவள், ரேஷன் கடைக்காரர்கூட ஒருநாள் மெச்சிய கையெழுத்து. அன்றைக்கு இடது கட்டைவிரலை மை டப்பாவில் அழுத்த வேண்டியிருந்தது. அது ஓர் அவமானம். அந்த அவமானத்தில்தான் அவள் தயங்கினாள், வேறு சந்தேகம் எதுவும் அப்போது இல்லை, இல்லை, இருந்தது, கைக்கு நஷ்டஈடு கேட்ட கேஸ் என்னாகும் என்று ஒரு சந்தேகம் இருந்தது, அதனால்தான் அண்ணாந்து பார்த்தாள். நாற்காலிக்குப் பின்னால் நின்ற ஜெயசீலி குனிந்து, வெத்தலை வாசனையோடு காதுக்குள் சொன்னாள்: போடு அஞ்சு, வீடு வேற, கை வேற, கை கேஸு அது பாட்டுக்கு நடக்கும், நான் கூட இருக்கேன்ல. அப்புறம்தான் கட்டைவிரல் மையில் இறங்கியது.

காதுக்குள் சொன்னது. அதுதான் வினை. உரக்கச் சொல்லியிருந்தால் அந்த ரெண்டு அதிகாரிகளுக்கும் கேட்டிருக்கும், ஒன்று ஆமாம் என்றிருப்பார்கள், இல்லை என்றால் இல்லை என்றிருப்பார்கள், விஷயம் அன்றைக்கே வெளிச்சமாகியிருக்கும். ரகசியத்துக்கு இரண்டே பேர் சாட்சி, சொன்னவளும் கேட்டவளும். சொன்னவள் இல்லை என்றால் கேட்டவள் பைத்தியக்காரி. இன்றைக்கு நடுவர் அறையில் எல்லாரும் அவளை அப்படித்தான் பார்த்தார்கள். திட்டவில்லை, அதட்டவில்லை. வாரியத்து வக்கீல் ரொம்ப மரியாதையாக, அந்த அம்மா தப்பாப் புரிஞ்சிக்கிட்டிருக்கலாம் ஐயா, வலியில இருந்திருப்பாங்க என்றார். நடுவர் வயசானவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஜெயசீலியைத்தான் கேட்டார், இந்த அம்மா சொல்ற மாதிரி நீங்க சொன்னீங்களா என்று. ஜெயசீலி நேராக நின்றாள். "அப்படி எதுவும் நான் சொல்லலைங்க. எல்லாத்துக்கும் சேர்த்துத்தான் கைநாட்டுன்னு வெளக்கித்தான் சொன்னேன்." விளக்கித்தான். அந்த வார்த்தை ஜெயசீலியின் வார்த்தையே இல்லை. பிளாக்கில் யாரும் எதையும் விளக்குவதில்லை, பாத்திரத்தைத்தான் விளக்குவார்கள். யாரோ சொல்லிக் கொடுத்து, வீட்டில் சொல்லிப் பார்த்து, பழக்கிக்கொண்டு வந்த வார்த்தை. அந்தக் கைநாட்டோடு கை கேஸும் முடிந்தது, மனு தள்ளுபடி என்று நடுவர் சொன்னபோதும் அஞ்சுகத்துக்கு அந்த வார்த்தைதான் காதில் நின்றது. தான் ஏன் வாயைத் திறக்கவில்லை? ஏ சீலிக்கா, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு என்று ஒரு வார்த்தை ஏன் கேட்கவில்லை? எல்லாரும் அவளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள், அவள் பக்கத்து வீட்டுச் சண்டையை வேடிக்கை பார்க்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

பஸ் டவுட்டனில் நின்றது. ஒரு பள்ளிக்கூடக் கும்பல் ஏறியது, மூட்டை மூட்டையாய்ப் பை. ஒரு பை வலது தோளில் இடித்தது. வலி மண்டைக்குள் போய் வெள்ளையாய்ச் சிதறியது. வெள்ளையாகத்தான் அன்றைக்கும் தெரிந்தது, சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்த வெள்ளைப் புகை. மத்தியானம், சாப்பாட்டுக்கு அப்புறம். மறுநாள் இடியாப்பத்துக்கு மாவைச் சலித்து வைத்துவிட்டு, அச்சைத் துடைக்க உட்கார்ந்தாள். மேலே கூரைத்தளத்தில் மூணு மாசமாக ஈரம் கோத்து, கம்பி துருப்பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தது, வாரியத்துக்கு எழுதிக் கொடுத்தாயிற்று, வந்து பார்த்தாயிற்று, செய்கிறோம் என்று சொல்லியாயிற்று. டப் என்று ஒரு சத்தம், தேங்காய் உடைக்கிற சத்தம் மாதிரி அவ்வளவு சாதாரணமாக. அப்புறம் வானம் இல்லை, வீடு இல்லை, வாயெல்லாம் மண். கூரைத்தளம் பாளமாய்ப் பெயர்ந்து தோளில் கிடந்தது. எதிர்வீட்டுக் கதவு திறந்த சத்தம் கேட்டது. ஜெயசீலி ஓடி வந்தாள். ஆம்பிளைகள் கீழே இருந்து வரட்டும் என்று காத்திருக்கவில்லை. வெறும் கையால் பாளத்தைப் புரட்டினாள், கல்லையும் கம்பியையும் பிறாண்டினாள், நகம் பிய்ந்து ரத்தம் வந்தது, அந்த ரத்தம் அஞ்சுகத்தின் கன்னத்தில் சொட்டியது சூடாக. ஆட்டோவில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, மாதாவே மாதாவே என்று ஆஸ்பத்திரி வரைக்கும் வாய் ஓயாமல் வந்தாள். இந்த உசிர் அவள் தோண்டி எடுத்த உசிர். அதில் சந்தேகமே இல்லை. அதனால்தான் இப்போது எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. முகம் தெரியாத ஒரு அதிகாரி ஏமாற்றினால் ஊரெல்லாம் சொல்லித் தூற்றலாம், மண்ணை வாரி இறைக்கலாம். தோண்டி எடுத்தவளே திரும்பவும் மண்ணைப் போட்டு மூடினால்?

ஒருவேளை அவள் சொல்லவே இல்லையோ. அந்தப் பயம் திடீரென்று பஸ்ஸின் புழுக்கத்தோடு சேர்ந்து வந்தது. வலிக்கு மாத்திரை தின்றுகொண்டிருந்த நாள் அது. மாத்திரை போட்டால் ஊரே தூரமாய்ப் போய்விடும், செத்துப்போன புருஷன்கூட ஒருநாள் குழாயடியில் நின்று கூப்பிட்டான். அப்படி ஏதாவது கேட்டிருக்குமோ? வீடு வேற, கை வேற, இதைத் தானே மனசுக்குள் சொல்லிக்கொண்டு, ஜெயசீலியின் குரலைப் போட்டு மூடி வைத்துக்கொண்டேனோ? இல்லை. வெத்தலை வாசனை இருந்தது. மூச்சுக்காற்று காது மடலில் பட்டுக் கூசியது. நான் கூட இருக்கேன்ல என்ற கடைசிச் சொல்லில் அந்த ல் கொஞ்சம் இழுபட்டது. இதெல்லாம் கனவில் வராது. வராதா? வரும். கனவில் எல்லாம்தான் வரும். அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்த அறையைத் திரும்பக் கட்டிப் பார்த்தாள், நாற்காலி, மேசை, மை டப்பா. ஒவ்வொரு தடவை கட்டும்போதும் குரல் கொஞ்சம் தேய்ந்தது. இன்னும் நாலு தடவை நினைத்துப் பார்த்தால் அழிந்தே போய்விடும் போலிருந்தது. அப்புறம் அவர்கள் சொன்னதுதான் நடந்தது என்றாகிவிடும். கையும் போய், கேட்டதும் கேட்காததாகி, காதும் போய், இனி எதை வைத்துக்கொண்டு பிழைப்பது. நினைக்காதே, நினைக்காமல் வை என்று சொல்லிக்கொண்டாள், சொன்ன உடனே திரும்பவும் நினைத்தாள்.

புரசைவாக்கம் திருப்பத்தில் டிரைவர் ஒரு ஸ்கூட்டிக்காரிக்காகச் சடாரென்று பிரேக் போட்டார். இடது கை நழுவியது. விழுந்தே விட்டோம் என்று நினைத்தபோது இடுப்பில் ஒரு கை வளைத்துப் பிடித்தது. ஜெயசீலி பாதி எழுந்து, சீட்டுக் கம்பியில் ஒரு கையும் அஞ்சுகத்தின் இடுப்பில் ஒரு கையுமாகத் தாங்கிக்கொண்டிருந்தாள். எந்த இடத்தில் பிடித்தால் தோள் வலிக்காது என்று அந்தக் கைக்குத் தெரியும். விபத்துக்கு அப்புறம் ரவிக்கைக்கு ஊக்கு மாட்டிவிடுகிற கை அது. குளிப்பாட்டிய கை, சோறு பிசைந்து ஊட்டிய கை. இன்றைக்குக் காலையில்கூட, பெரியவங்க முன்னால போறோம், பரட்டையாப் போகக் கூடாது என்று எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, இறுக்கப் பின்னிவிட்டாள். பின்னும்போது ஒன்றும் பேசவில்லை. வழக்கமாக எதையாவது தொணதொணத்துக்கொண்டே பின்னுகிறவள். அப்போதே அவள் வாய்க்குள் அந்த வார்த்தை இருந்திருக்கிறது, விளக்கித்தான் சொன்னேன், அதை உருப்போட்டுக்கொண்டே சீப்பை இழுத்திருக்கிறாள். அஞ்சுகத்துக்கு மண்டையில் ஒவ்வொரு மயிர்க்காலும் தனித்தனியாகக் கூசியது. பின்னலை அவிழ்த்துப் போட வேண்டும் போலிருந்தது, ஒற்றைக் கையால் அவிழ்க்கலாம், திரும்பப் பின்ன முடியாது. அவள் உட்கார்ந்தாள். வேறு வழி இருக்கவில்லை. ரெண்டு பேர் தொடையும் ஒட்டிக்கொண்டன, அந்தச் சீட்டு அவ்வளவு குறுகல்.

ஏன் என்று அவளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இத்தனை நேரம் சுற்றிச் சுற்றி வந்தாளே தவிர, தெரியும். வெளியே வந்து மரத்தடியில் நின்றபோது இலவச சட்ட உதவியில் அவளுக்காக வாதாடிய வக்கீல் நிலோஃபர், சின்னப் பெண்தான், கண்ணெல்லாம் சிவந்து, அதைத்தான் கேட்டாள். "அந்த அம்மா உங்களுக்கு அவ்வளவு வேண்டியவங்கன்னு சொன்னீங்களே, ஏன் மாத்திச் சொன்னாங்க? அவங்களுக்கு வாரியத்துல ஏதாச்சும் சிக்கல் இருக்கா? இருந்தா சொல்லுங்கம்மா, அப்பீலுன்னு மேல போறதுக்கு அது ஒண்ணு போதும்." அஞ்சுகம் தெரியலைம்மா என்றாள். வாய் தானாகச் சொல்லியது. ஜெயசீலி இருக்கிற வீடு அவள் மாமியார் பெயரில் ஒதுக்கியது, மாமியார் செத்து வருஷக்கணக்காகிறது, பெயர் மாற்றவில்லை, மாற்றப் போனால் ஆயிரம் கேள்வி, மாமியாரின் மற்ற மகன்கள் வந்து நிற்பார்கள், அதனால் கிழவி வாரியத்தைப் பொறுத்தவரை உயிரோடுதான் இருக்கிறாள். ஒருமுறை வாரியத்திலிருந்து ஆள் கணக்கெடுக்க வந்தார்கள். ஜெயசீலி கதவுக்குப் பின்னால் வெலவெலத்து நின்றாள். அஞ்சுகம்தான் இடியாப்ப மாவு ஒட்டின கையோடு வெளியே வந்து, பாட்டியம்மா வேளாங்கண்ணிக்குப் போயிருக்குதுங்க, ஆரோக்கியமாத்தான் இருக்குது, மூணாம் மாடி ஏறி எறங்குது என்று கொஞ்சம்கூடக் கூசாமல் அளந்தாள். அவர்கள் நம்பிப் போனதும் ரெண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார்கள், ஜெயசீலிக்குச் சிரிப்பு அழுகையாகி, நீ என் கூடப் பொறந்தவடீ என்று கட்டிக்கொண்டாள். பொய் சொல்ல அஞ்சுகமும் அஞ்சினவள் இல்லை. அது ஜெயசீலிக்காகச் சொன்ன பொய். இன்றைக்கு அவள் சொன்னதும் பொய்தான். பொய்க்குப் பொய் சரி என்று கணக்குத் தீர்த்துவிட முடியுமா? அந்தப் பொய்யால் ஒருத்தி வீட்டில் விளக்கெரிந்தது. இந்தப் பொய்யால் ஒருத்தியின் கை இனி யாரும் பதில் சொல்லத் தேவையில்லாத கையாகப் போய்விட்டது, இடிந்து விழுந்த கூரைக்கு யாரும் பொறுப்பில்லை, கூரை தானாக விழுந்தது, கை தானாகப் போனது.

ஆனால் எப்போதிலிருந்து? அதுதான் அறுத்தது. காதுக்குள் சொன்ன அன்றைக்கே பொய்யா, அன்றைக்கு மெய்யாகச் சொல்லி இன்றைக்குத்தான் பொய்யா? அன்றைக்கே என்றால் ஊட்டிய சோறு, குளிப்பாட்டிய தண்ணீர், மாட்டிய ஊக்கு, எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகக் கழுவ வேண்டும். ஓட்டேரி வந்தது. பள்ளிக்கூடக் கும்பல் இறங்கியது. பஸ்ஸுக்குள் சட்டென்று காற்று வந்தது. அவள் முன்னால் இருந்த சீட்டின் கிழிசலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நீ சொன்னே சீலிக்கா."

ஜெயசீலி திரும்பவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்களில் பிய்ந்து வளர்ந்த நகங்கள் கோணலாக இருந்தன. பஸ் சத்தத்துக்குள் அமுங்கின குரலில், "சொன்னேன்" என்றாள்.

அஞ்சுகத்துக்கு முதலில் வந்தது ஆறுதல். வெட்கம் கெட்ட ஆறுதல். காது போகவில்லை, மூளை கலங்கவில்லை, வெத்தலை வாசனை மெய். ஒரு நிமிஷம் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொள்ளக்கூடத் தோன்றியது. அப்புறம்தான் மெல்ல உறைத்தது, இந்த ஒற்றைச் சொல்லை அங்கே சொல்லவில்லை, எழுதுகிறவர்கள் இருந்த இடத்தில் சொல்லவில்லை, யாருக்கும் கேட்காத பஸ்ஸில், திரும்பவும் ரகசியமாக, காதுக்குள்தான் சொல்கிறாள்.

"அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"சத்தியமாத் தெரியாது அஞ்சு. அன்னிக்கு நானும் அப்படித்தான் நம்பினேன். போன மாசம்தான் வாரியத்துல கூப்பிட்டாங்க. மாமியாரக் கூட்டிட்டு வா, ஆளப் பாக்கணும்னாங்க. கூட்டிட்டு வர முடியலன்னா சாட்சி சொல்றப்போ யோசிச்சுச் சொல்லுன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல. அவ்ளோதான் சொன்னாங்க." அவள் முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள். "இந்த வயசுல நான் எங்க போவேன். நீ வந்து கேட்டா, இருக்கறதுல பாதி சோறு உனக்குப் போட்டுடுவேன். கை இல்லாட்டி என்ன, நான் இல்லையா உனக்கு."

போன மாசம். போன மாசம் எந்தெந்த நாள், எந்தெந்தக் காலை, எத்தனை பின்னல். அஞ்சுகம் அந்தக் கணக்கைத் தொடங்கிய இடத்திலேயே விட்டுவிட்டாள். என்னிடம் வந்து, இந்த மாதிரி மிரட்டுகிறார்கள் அஞ்சு, என்ன செய்யட்டும் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்? ரெண்டு பேருமாக உட்கார்ந்து அழுதிருப்போம். நானே சொல்லியிருப்பேனோ என்னவோ, போ சீலிக்கா, உன் வீட்டப் பாத்துக்கோ, கை போனது போனதுதான் என்று. சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. சொல்லக் கூடியவள்தான். அந்த வாய்ப்பைக்கூட ஜெயசீலி பறித்துக்கொண்டாள், கொடுக்க இருந்ததைத் திருடினாள்.

"வக்கீல் பொண்ணு கேட்டிருக்குமே உன்ன," என்றாள் ஜெயசீலி. இப்போதுதான் முதன்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். கண் ஈரமாக இருந்தது, ஆனால் பயமில்லை. "நீ சொல்லியிருக்க மாட்டே. எனக்குத் தெரியும். நீ சொல்ல மாட்டே அஞ்சு."

அதை அவள் நன்றியாகத்தான் சொன்னாள். அஞ்சுகத்துக்கு அது அந்தக் கூரைப்பாளத்தைவிடக் கனமாக வந்து விழுந்தது. அப்படியானால் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் ஜெயசீலியின் பயத்தை நம்பினார்கள், ஜெயசீலி அஞ்சுகத்தின் நல்ல மனசை நம்பினாள். அவளை ஏய்க்கலாம், அவள் திருப்பி அடிக்க மாட்டாள், அடிக்கத் தெரிந்தும் அடிக்க மாட்டாள் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, சரி என்று தெரிந்த பிறகுதான் அந்த அறைக்குள் போய் நிமிர்ந்து நின்றிருக்கிறாள். இத்தனை வருஷப் பழக்கத்தில் ஒருத்தியைப் பற்றி இன்னொருத்திக்குத் தெரிந்ததெல்லாம் இப்படிப் பயன்படும் என்று யார் நினைத்தார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை.

அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. ஜெயசீலி எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, அஞ்சுகத்தைத் தாண்டி வழிக்கு வந்து, இறக்கிவிடுவதற்காகக் கையை நீட்டினாள். பின்னால் இறங்குகிறவர்கள் நெருக்கினார்கள்.

"நீ போ" என்றாள் அஞ்சுகம்.

"எங்க போற, தலைல வெயிலு."

"நீ போ சீலிக்கா."

கூட்டம் ஜெயசீலியைத் தள்ளிக்கொண்டு போய்ப் படியில் இறக்கியது. பஸ் நகர்ந்தபோது அவள் நடைபாதையில் நின்று உள்ளே தேடினாள். அவள் முகத்தில் அதுவரை இல்லாத ஒன்று வந்திருந்தது. இவள் எங்கே போகிறாள், யாரைப் பார்க்கப் போகிறாள் என்ற கேள்வி. அஞ்சுகம் அதைப் பார்த்தாள், அதில் தனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் இருப்பதையும் பார்த்தாள், அந்தச் சந்தோஷம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு டீக்கடைக்குப் போனார். அவள் உட்கார்ந்தே இருந்தாள். போனை மடியில் வைத்து, இடது கைப் பெருவிரலால் தடவித் தடவி நிலோஃபரின் எண்ணை எடுத்தாள். மேலே போகலாம் என்று சொன்னீர்களே, போங்கள் என்றாள். அந்தப் பெண் சந்தோஷப்பட்டு, உடனே சாட்சியைப் பற்றித்தான் கேட்டது, அந்த அம்மாவைப் பற்றி ஏதாவது தெரிந்ததா, அது இல்லாமல் கஷ்டம் என்றது. அஞ்சுகம் ஜன்னல் வழியே டிப்போ சுவரைப் பார்த்தாள். கிழவியின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. செத்த கிழவியின் பெயர், ஞானசுந்தரி, எவ்வளவு சுலபமான பெயர், ஒரு மூச்சு. அதை விழுங்கினாள். விழுங்குகிறோம் என்று தெரிந்தே விழுங்கினாள்.

"அவங்களையே திரும்பக் கூப்பிடுங்கம்மா. எழுதுறவங்க எல்லாரும் இருக்கட்டும். ஆனா இந்தத் தடவ நீங்க யாரும் கேக்க வேணாம். எதிர்ல உக்காந்து நான் கேக்குறேன்."

அப்படியெல்லாம் செய்ய முடியுமா என்று பார்க்கிறேன் என்றாள் நிலோஃபர். பாருங்க என்று சொல்லிவிட்டு அஞ்சுகம் போனை வைத்தாள். பஸ் திரும்பிப் புறப்பட இன்னும் நேரமிருந்தது. ஜன்னலோர இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்து, வராத கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம், யாருமில்லாத பஸ்ஸில், எதிர்சீட்டைப் பார்த்து, குரல் நடுங்காமல் வருகிறதா என்று, நடுவர் அறையில் கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியைச் சத்தமாக ஒருதரம் கேட்டுப் பார்த்தாள். நடுங்கியது. திரும்பக் கேட்டாள்.